சம்பளம் நின்றுவிட்டால் முதல் 90 நாள்

ஓசூரில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள், பெங்களூரில் கட்டட வேலை நின்றுவிட்டது, திருப்பூரில் ஆர்டர் இல்லை என்று சொல்லி ஊர் திரும்பும் குடும்பங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எந்தக் காலத்திலும் உண்டு. அப்படி வந்தவர்களில் பலர் பதற்றத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தை ஒரு மாதத்துக்குள் எதிலாவது போட்டுவிடுகிறார்கள். இருபது ஆடு, பழைய ஆட்டோ, ஏற்கெனவே நான்கு டீக்கடை இருக்கும் ரோட்டில் ஐந்தாவது டீக்கடை. ஆறு மாதத்தில் பணமும் போய், கடனும் சேர்ந்து, எந்த வேலை கிடைத்தாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி சொல்ல வருவது ஒன்றுதான். பணம் கடைசியில் வரட்டும். முதலில் காகிதத்தையும் கடனையும் ஒழுங்கு செய்யுங்கள். பிறகு உங்கள் பொருளுக்கோ வேலைக்கோ காசு கொடுக்கத் தயாராக இருக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகுதான் முதலீடு. முதல் மூன்று வாரம் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

முதல் வாரம்: காகிதங்கள்

வேலையை விட்டு வரும்போதே வாங்க வேண்டியவை: பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்த்தவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் சரியான பெயரையும் முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் கணக்கு பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருக்கும், வேலை பார்த்த கம்பெனியின் பெயரில் இருக்காது. ஊருக்கு வந்த பிறகு இதைத் தேடி அலைவது பெரும்பாடு.

பிஎஃப் தளத்தில் யூஏஎன் எண்ணை (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) கொண்டு உள்ளே போய் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அங்கேயும் அப்படியே இருக்கின்றனவா? வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? வேலையிலிருந்து வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா? ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே தளத்தில் அதைப் பதிய வழி இருக்கிறது.

பிஎஃப் பணம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 5 ஆண்டுக்குக் குறைந்த சேவையில் எடுத்தால் வரிப் பிடித்தம் வரலாம். பிஎஃப்போடு ஓய்வூதியப் பங்கு என்று ஒன்றும் தனியாகச் சேர்ந்திருக்கும். 10 ஆண்டு சேவை நிறைந்தால்தான் மாத ஓய்வூதியம். ஆறு ஏழு ஆண்டு சேவை உள்ளவர், மறுபடி பிஎஃப் உள்ள வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய ஆண்டுகள் புதிய வேலையோடு சேர்ந்துகொள்ளும். இதைத் தெரியாமல் சில ஆயிரத்துக்காக விட்டுவிடுபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டு தொடர்ந்து இருந்தவர்கள் பணிக்கொடையைக் கேட்காமல் விடாதீர்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) விஷயத்தையும் கவனியுங்கள். வேலை போன அன்றே மருத்துவ உரிமை போய்விடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலையிழந்தோருக்கான உதவித் தொகை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அதே வரிசையில் நின்று கேட்டுவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

கடனை வரிசைப்படுத்துதல்

ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வட்டியைப் பக்கத்தில் போடுங்கள். நம் பக்கம் வட்டியை மாதக் கணக்கில் பேசுவதால் அதன் உண்மையான பாரம் மறைந்துவிடுகிறது. மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18,000 வட்டியே போகும், அசல் அப்படியே நிற்கும்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,500தான். 4,500 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 வட்டி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 80 சதவீதத்தைத் தொடுகிறது. எந்தச் சிறு தொழிலும் இந்த வட்டியைத் தாங்காது.

ஆகவே அடைக்க வேண்டிய வரிசை: தண்டல், மீட்டர் வட்டி, தனியார் கைமாற்று, குழுக் கடன், கடைசியில் வங்கிக் கடன். வீட்டில் நகை இருந்தால், தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்துத் தண்டலை முடிப்பது புத்திசாலித்தனம். அதே நகையை வைத்துத் தொழில் தொடங்குவது இந்தக் கட்டத்தில் வேண்டாம். வண்டி, வீட்டு இஎம்ஐ இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்க் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் அபராதமும் சேரும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். ஆறு மாதம் கழித்து நீங்கள் தொழில் கடன் கேட்கும்போது அதுதான் முதலில் நிற்கும்.

பிறகு வீட்டுச் செலவு. அரிசி, பால், பள்ளிக் கட்டணம், மருந்து, மின்சாரம், குறைக்க முடியாத தவணை. இவற்றை மட்டும் ஒரு மாதத்துக்குக் கூட்டி, கையிருப்பை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்தால், கூலி வேலையோ பகுதிநேர வேலையோ இன்றைக்கே தொடங்குங்கள். தொழில் தேடுவது அதற்குப் பக்கத்தில் நடக்கட்டும். வெறும் வயிற்றோடு எடுக்கும் தொழில் முடிவு சரியாக வராது.

மூன்று வாரம் பார்ப்பது

நெருக்கடி வந்தால் எல்லாருடைய செலவும் குறையாது, இடம் மாறும். புது வண்டி வாங்குவது நிற்கும், பழைய வண்டிக்கு வேலை கூடும். புதுத் துணி குறையும், துணியைத் திருத்தித் தைப்பது கூடும். மழை பொய்த்தால் விதை விற்பனை படுக்கும், போர்வெல் மோட்டார் பழுது கூடும். இந்த இடமாற்றத்தைத்தான் தேட வேண்டும்.

அதற்குச் சந்தையை விட நல்ல இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சந்தைக்கு மூன்று வாரம் தொடர்ந்து, விடியற்காலையிலேயே போங்கள். ஒரு முறை போனால் அன்றைய கூட்டம் மட்டும்தான் தெரியும். நோட்டில் நான்கு பத்தி போதும்: பத்து மணிக்குள் தீர்ந்துபோன பொருள், வெளி மாவட்டத்திலிருந்து வந்து இறங்கும் பொருள், ஆட்கள் கேட்டுக் கிடைக்காமல் திரும்பிய பொருள், ஆள் இல்லாததால் காத்திருக்கும் வேலை. நான்காவது பத்திதான் வேலை தேடுபவருக்குத் தங்கம். வண்டியில் ஏற்ற ஆள் இல்லை, எடை போட்டுக் கணக்கு எழுத ஆள் இல்லை, பழுது பார்க்க ஓசூருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று வியாபாரிகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாவது வாரத்தில் இரண்டு யோசனை தேறியிருக்கும். அவற்றைப் பற்றிப் பத்து பேரிடம் பேசுங்கள். “நல்லா இருக்கே” என்று சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், உறவுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். “அடுத்த வாரம் கொண்டுவருகிறேன், 50 ரூபாய் முன்பணம் கொடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். பத்தில் மூன்று பேர் கொடுத்தால் முயன்று பார்க்கலாம். ஒருவரும் கொடுக்கவில்லை என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். 50 ரூபாய் வராத இடத்தில் 50,000 ரூபாயைப் போடக் கூடாது.

முளைகட்டிய ராகி மாவு: ஒரு சோதனைக் கணக்கு

ராகி நம் கொல்லையில் விளையும் தானியம். களிக்கு மாவு வாங்குபவர்கள் இங்கே நிறைய. குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் கூழ் காய்ச்ச முளைகட்டிய மாவைத் தேடுபவர்கள் டவுனில் இருக்கிறார்கள், செய்ய நேரம் இல்லாதவர்கள். தொடங்க 10 கிலோ போதும்.

ராகியைப் புடைத்து, தண்ணீரில் நான்கைந்து முறை கழுவிக் கல் அரிக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் தொழில் முதல் வாரத்திலேயே முடிந்தது. ஒரு பாக்கெட்டில் நறநறவென்று மண் கடிபட்டால் அந்த வீடு மறுபடி வாங்காது. அரித்ததை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புளித்த வாடை தங்கிவிடும். வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் 24 முதல் 36 மணி நேரம். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி, முளைக்காமல் வீணாகும். குளிர்காலத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் அரை நாள் கூடுதலாகும்.

வெள்ளை முளை அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். நீள விட்டால் தானியத்தின் எடை குறையும், கசப்பும் ஏறும். பிறகு மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். பல்லில் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. காய்ந்ததைக் கையால் தேய்த்தால் முளைகள் உதிரும், புடைத்து எடுத்துவிடலாம். இளந்தீயில் வாசம் வரும் வரை வறுத்து, முழுவதும் ஆறவைத்து அரையுங்கள். மில்லில் உங்களுக்கு முன் மிளகாயோ மல்லியோ அரைத்திருந்தால் காத்திருங்கள், அல்லது ஒரு கிலோ சாதா ராகியைப் போட்டுக் கல்லைத் துடைத்துவிட்டுப் பிறகு அரையுங்கள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும்போதே பாக்கெட் போட்டால் உள்ளே வேர்த்து, பத்து நாளில் கட்டி தட்டும், பூச்சியும் வரும்.

10 கிலோ ராகியில் 8 கிலோ மாவு வந்தால் சரி. இப்போது கணக்கு. விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராகி கிலோ 40 வீதம் 400. அரைவை 85. அரைக் கிலோ கவர் 16க்கு 64, ஒட்டுச்சீட்டு 32. எரிபொருள் 60, போக்குவரத்து 50. இதோடு நிறுத்தினால் 691 வருகிறது, அதனால் பாக்கெட்டுக்கு 43 ரூபாய்தான் அடக்கம் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் உள்ள பெண்கள் போடும் உழைப்புக்கு விலை இல்லையா? ஐந்து மணி நேரக் கைவேலை, மணிக்கு 60 என்றால் 300. மொத்தம் 991, பாக்கெட்டுக்கு 62.

80 ரூபாய்க்கு நேரடியாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி போக 18 ரூபாய் நிற்கும். அதே பாக்கெட்டைக் கடையில் 20 சதவீதக் கழிவுக்கு வைத்தால் உங்களுக்கு வருவது 64, நிற்பது 2 ரூபாய். அதுவும் கடைக்காரர் விற்ற பிறகு கொடுப்பார். ஆகவே முதல் மூன்று மாதம் கடைப் பக்கம் போகாமல், ஒரு குடியிருப்பு, ஒரு பள்ளி ஆசிரியர்கள், ஒரு அலுவலகம் என்று நிலையான முப்பது நாற்பது வீடுகளைப் பிடியுங்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் தவறாமல் கொடுங்கள்.

விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச விலை, முகவரி, பதிவு எண், சைவக் குறி இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வேண்டும். பொட்டலமிடுவோர் பதிவு பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள், தமிழ்நாட்டில் எடையளவு விவகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

தொழிற்சாலையில் பழகிய கை

பராமரிப்புப் பிரிவில் இருந்தவர்கள், எலக்ட்ரீசியன், ஃபிட்டர், வெல்டர் ஆகியோருக்கு நான் சொல்வது வேறு. உங்களுக்குப் புதுத் தொழில் வேண்டாம். கையில் உள்ள திறமையை ஊருக்குத் தகுந்தபடி திருப்பினால் போதும். நம் மாவட்டங்கள் போர்வெல் தண்ணீரை நம்பி இருப்பவை, நீர்மட்டம் இறங்கும் கோடையில் மோட்டார் எரிவது சகஜம். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான், அது இல்லாமல் ஓடினால் வைண்டிங் போய்விடும்.

ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர், மல்டிமீட்டர், வைண்டிங்கின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் மூன்றும் முதல் கருவிகள். மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்த்து, மோட்டார் தகட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் தண்ணீர் எட்டவில்லை. ஒரு பேஸ் மட்டும் விலகி நின்றால் மின்வரத்தையும் ஸ்டார்ட்டரின் முனைகளையும் பாருங்கள். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு மெக்கர் போட்டு ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. அப்போதும் மோட்டார் போய்விட்டது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். குழாயை ஏற்றி முதலில் கேபிள் ஜாயின்ட்டைப் பாருங்கள், பல முறை கோளாறு அங்கேதான். ஜாயின்ட் மட்டும் போட்டுக் கொடுத்து ஒரு விவசாயிக்கு வைண்டிங் செலவை மிச்சப்படுத்தினால், அந்த ஊரே உங்களைக் கூப்பிடும். உலர் ஓட்டத் தடுப்புக் கருவி பொருத்தித் தருவது கூடுதல் வருமானம், விவசாயிக்கும் உண்மையான பாதுகாப்பு.

பார்வைக் கட்டணத்தைத் தனியாக, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடன் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள், அறுவடைக்குத் தருகிறேன் என்பார்கள். கூலியைக் கடனாக விடலாம், பொருளுக்கு மட்டும் எப்போதும் முன்பணம். சான்று இல்லாதவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று பக்கத்து அரசு ஐடிஐயில் கேட்டு வையுங்கள்.

அவசரப்பட்டு இறங்கும் மூன்று தொழில்

ஆடு வளர்ப்பு நல்ல தொழில்தான், ஆனால் உடனடி வருமானம் தராது. சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விற்கும் அளவுக்கு வளர இன்னும் ஆறு மாதத்துக்கு மேல். முதல் காசைப் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம். சந்தையில் வாங்கிய ஆட்டைப் பழைய மந்தையோடு அன்றே சேர்த்து, ஆட்டுக்கொல்லி நோய் வந்து பாதி செத்துப்போவதுதான் வழக்கமான விபத்து. புதியவற்றை மூன்று வாரம் தனியே கட்டி, ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுங்கள். நான்கு பெட்டையோடு தொடங்குங்கள், தீவனப் பயிர் வளர்ந்த பிறகு கூட்டலாம்.

பட்டுப்புழுவுக்குப் பாசன நீர் இல்லாமல் கனவு காண வேண்டாம். மல்பெரி நட்டு முதல் இலை அறுவடைக்கே ஐந்தாறு மாதம் ஆகும். ஆனால் ஏற்கெனவே தோட்டம் உள்ளவர் வீட்டில் புழு வளர்ப்பு மனை காலியாகக் கிடந்தால் பங்குக்கு எடுத்துச் செய்யலாம். இளம்புழுவாக வாங்கினால் மூன்று வாரத்தில் கூடு கட்டும். 100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தொகுதி என்பது ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்) 60 முதல் 80 கிலோ கூடு தேறும். தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியில் விற்கலாம். ரொக்கம் விரைவாகத் திரும்பும் விவசாயத் தொழில் இதுதான்.

பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்தால், காயவைத்து விற்கலாமே என்று தோன்றும். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ உலர்ந்த தக்காளிக்கு 18, 20 கிலோ பழம் வேண்டும். எழுத்தில் ஆர்டர் கொடுத்த ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், இங்கே வீடுகளில் வாங்கமாட்டார்கள்.

பயிற்சியும் கடனும்

இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. விவசாயம் சார்ந்த கேள்விக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், பையூர் ஆராய்ச்சி நிலையம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் அட்டையும் போனும் போதும், அதற்கு ஆயிரம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். வேலையற்ற இளைஞர்களுக்கான யூஒய்இஜிபி திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம் என்று இருந்தது. போகும்போது அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று, மானியம் கைக்கு வரும் காசு இல்லை. அது கடன் கணக்கில் சேர்ந்து நிற்கும், தவணையை நீங்கள்தான் கட்டிவர வேண்டும். மூன்று மாத விற்பனை நோட்டும், ஜிபே வரவு தெரியும் வங்கி அறிக்கையும் கையில் இருந்தால், மேலாளர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் பார்வையே வேறு.

90வது நாள்

நோட்டைத் திறந்து மூன்றாவது மாதக் கணக்கை மட்டும் பாருங்கள். உழைப்புக்குக் கூலி போட்ட பிறகும் மிச்சம் இருந்து, வாங்கியவர்களில் பாதிக்கு மேல் மறுபடி வாங்கியிருந்தால், கையிருப்பில் கால் பங்கு வரை தொழிலில் போடலாம். விற்பனை இருக்கிறது, மிச்சம் இல்லை என்றால் விலையையோ விற்கும் வழியையோ மாற்றி இன்னும் ஒரு மாதம். மறுபடி வாங்குபவரே இல்லை என்றால் நிறுத்திவிட்டு இரண்டாவது யோசனைக்குப் போங்கள்.

இந்தச் சமயத்தில் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள். போவதில் எந்தக் குறையும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர்தான், தினமும் போய்வரலாம், வீட்டு வாடகை மிச்சம். தொழிலை மூடிவிடாமல், வாடிக்கையாளர் பட்டியல், கொடுக்க வேண்டிய தேதி, வாங்கும் கடை, விலைக் கணக்கு நான்கையும் ஒரே நோட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஷிப்டுக்குப் போங்கள். பில்லும் பதிவும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், வங்கிக் கணக்கும் தனியாக இருக்கட்டும்.